கண்கள் எழுதிய இசை

இசையமைப்பாளர் என்றதும் பியானோவின் முன் அமர்ந்தோ, வயலினைத் தோளில் சாய்த்தோ இருக்கும் ஒருவரைத்தான் நாம் எண்ணிக்கொள்கிறோம். விரலை அசைக்கவும் வாய் திறந்து பேசவும் இயலாத ஒருவர் இசை அமைக்க முடியுமா? முடியும் என்று காட்டுகிறது, 2012-ஆம் ஆண்டு ஜெஸ்ஸி வைல் என்பவர் இயக்கி வெளியிட்ட ஒரு விவரணப் படம். "ஜேசன் பெக்கர்: நாட் டெட் யெட்" என்பது அதன் பெயர். 'இன்னும் இறந்துவிடவில்லை' என்பது அதன் பொருள்.

ஜேசன் பெக்கர் 1969-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். தந்தை கேரி ஓர் ஓவியர். சிறு வயதிலேயே கிதாரில் தேர்ந்த ஜேசன், 1988-இல் தம் முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டார். இருபதாம் வயதில் டேவிட் லீ ராத் என்ற புகழ்பெற்ற பாடகரின் குழுவில் இடம் கிடைத்தது. அவ்வேளையில் இடது காலில் ஒரு தளர்ச்சி தோன்றியது. பரிசோதித்த மருத்துவர்கள், இன்னும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உயிர் வாழ்வார் என்றனர். கைவிரல்களும் வலுவிழந்து வந்ததால், மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டு அந்தக் குழுவின் ஒலிப்பதிவை முடித்துக் கொடுத்தார். குழுவினருடன் ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று.

ஏ.எல்.எஸ். எனப்படும் அந்த நோய், மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. கட்டளை வராத தசை மெலிந்து செயலிழக்கிறது. நடை, கை அசைவு, பேச்சு, விழுங்குதல், மூச்சு என ஒவ்வொன்றாகப் போகும். ஆயினும் செவிப்புலனும் தொடுவுணர்ச்சியும் பொதுவாகக் கெடுவதில்லை. கண்களை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசிவரை வேலை செய்கின்றன. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963-இல் கண்டறியப்பட்டதும் இதே நோய்தான்.

எஞ்சிய அந்தக் கண்ணசைவையே தந்தை கேரி மகனுக்கு மொழியாக்கினார். ஆங்கில எழுத்துகளைச் சில கட்டங்களாகப் பிரித்து ஒரு பலகை அமைத்தார். முதல் கண்ணசைவு கட்டத்தைக் காட்டும். இரண்டாவது அசைவு அதிலுள்ள எழுத்தைக் காட்டும். எதிரில் இருப்பவர் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்க வேண்டும். 'மியூசிக்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகள். அதைச் சொல்ல ஜேசனின் கண்கள் பத்து முறை அசைய வேண்டும்! பழகப் பழக, வீட்டார் பலகையைப் பாராமலே அவர் கண்களைப் படிக்கலாயினர்.

இசைக்கும் இதே வழிதான். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்பதைக் கண்ணால் சொல்வார். உடனிருப்பவர் அதைக் கணிப்பொறியில் பதிந்து ஒலிக்கச் செய்வார். ஜேசன் கேட்டுத் திருத்துவார். 1996-இல் வெளிவந்த "பெர்ஸ்பெக்டிவ்" என்ற இசைத்தொகுப்பை அவர் கிதாரில் தொடங்கினார்; கை தளர்ந்தபின் கீபோர்டுக்கு மாறினார்; பின்னர் தலை, கண் அசைவுகளைக் கொண்டு கணிப்பொறியின் துணையால் முடித்தார். 2018-இல் "டிரையம்ஃபண்ட் ஹார்ட்ஸ்" என்ற தொகுப்பும் வெளிவந்தது. மருத்துவர்கள் குறித்த கெடு அதற்குள் பலமுறை கடந்துவிட்டிருந்தது.

அன்புத் தோழியரே! ஜேசனின் மனவலிமையைப் போற்றும் நாம், அவர் எதிரில் அமர்ந்திருந்தோரையும் மறக்கலாகாது. ஒரு சொல் முடியும்வரை கண்ணெடுக்காமல் காத்திருந்தார்களே, அவர்கள் இல்லையென்றால் அந்த இசை அவர் உள்ளத்துக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும். புனித மாற்கு நற்செய்தியில் நடமாட இயலாத ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியதைப் படிக்கிறோம். சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் ஆண்டவர் கண்டார் அன்றோ?

நம் வகுப்பிலும் வீட்டிலும் திக்கிப் பேசுபவர், மெதுவாக எழுதுபவர், நோயினால் நா குழறும் பாட்டி, தாத்தா உண்டு. அவர்கள் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் நாமே முடித்துவிட்டு ஓடிவிடுகிறோம். அவர்கள் உள்ளத்திலும் நாம் கேளாத ஓர் இசை இருக்கக்கூடும். பொறுமையோடு காத்திருந்து கேட்கும் வரத்தை இறைவனிடம் வேண்டுவோமாக.