சிவப்பு விளக்கு எரியலாமா?

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருவரின் பாட்டைக் கணினியில் பதிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மெல்லத் தொடங்கிய குரல் திடீரென உச்சத்துக்கு ஏறுகிறது. அளவுமானியில் சிவப்பு எரிகிறது. கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து கேட்டால் அந்த இடத்தில் ஒரே கரகரப்பு. ஏன்?

ஒலிவாங்கி தரும் மின்னழுத்தத்தைப் பதிவுக் கருவி எண்களாக மாற்றுகிறது. அது எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணையே 0 டெசிபெல் என்கிறோம். மரக்காலில் குவிந்த நெல்லைத் தலைதட்டுவது போல, அதற்கு மேற்பட்ட அலைமுகடு வெட்டுண்டு தட்டையாகிறது. வெட்டுண்ட பகுதி எங்கும் பதிவாவதில்லை. பின்னர் மென்பொருளில் ஒலியைக் குறைத்தால் தட்டையான அலைதான் சிறிதாகும், முகடு திரும்பாது.

ஒலிநாடாவில் இயல்பாகவே இரைச்சல் உண்டு. அதை அமுக்க அக்காலத்தில் அளவை உயர்த்திப் பதிந்தார்கள். 24 பிட் பதிவில் அந்தத் தேவை இல்லை. அதில் 1,67,77,216 அளவுநிலைகள் உள்ளன. 6 டெசிபெல் குறைத்தால் அலைவீச்சு பாதியாகும். செலவு ஒரு பிட் மட்டுமே. 12 டெசிபெல் குறைத்தாலும் 22 பிட் எஞ்சும். மனிதக் குரலுக்கு அது தாராளம்.

எனவே, முதலில் பாட்டின் மிக உரத்த அடியைப் பாடச் சொல்லுங்கள். அளவுமானி 0க்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு பதிவுக் கருவியின் 'கெயின்' குமிழைத் திருப்புங்கள். பாடும் உற்சாகத்தில் குரல் இன்னும் ஏறும். அதற்கு இந்த இடம் வேண்டும். தாழ்வாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். வெட்டுண்டதை மீட்க, மீண்டும் மலையேறி அவரையே பாடச் சொல்ல வேண்டும். அந்த வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை.