பழைய கடனுக்குச் சம்மன் வந்தால்...

உரக்கடை பாக்கி, கைமாற்று, சாமான் வாங்கிய தவணை என்று மறந்தே போன கடனுக்கு அமீனா சம்மன் கொண்டு வந்தால், சிலர் வாங்க மறுத்துவிடுகிறார்கள். இது பெருந்தவறு. மறுத்தாலும் கொடுத்ததாகவே கோர்ட்டு கொள்ளும். ஆஜராகாதவர் மீது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை 12 ஆண்டுகள் வரை நிறைவேற்றலாம்.

சம்மன் கிடைத்த தேதியைக் குறித்துக்கொண்டு, பிராது நகலுடன் உடனே வக்கீலைப் பார்க்க வேண்டும். எதிருரை தாக்கல் செய்ய 30 நாள் கெடு. தக்க காரணம் இருந்தால் 90 நாள் வரை கோர்ட்டு அனுமதிக்கலாம். சுருக்கமுறை வழக்கானால் 10 நாளில் ஆஜராக வேண்டும்.

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளே ஆயுள். அதற்குள் ஒரு தொகை கட்டி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்நாளிலிருந்து மீண்டும் 3 ஆண்டுகள். அப்படி வரவு எதுவும் இல்லாமல் கெடு கடந்திருந்தால், அதை எதிருரையில் சொல்ல வேண்டும். கட்டிய பணத்தின் ரசீதுகளையும் சேர்க்க வேண்டும்.

காலாவதியான கடனையும் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும். ஆகவே, சமரசம் பேச வருவோர் நீட்டும் தாளில், வக்கீலிடம் காட்டாமல் கைநாட்டு வைக்கக் கூடாது.

பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் தாலுகா சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வக்கீல் பெறலாம்.

ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டாலும், 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவி, மாடு, விதை தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை.