ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

யப்பான் தேசத்துக்குப் போய்வருபவர்கள் அங்குள்ள கோயில்களைப் பற்றியும், பூஜி மலையைப் பற்றியும், அம்புபோலப் பாயும் புகையிரதங்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நானோ ஒரு சட்டையைப் பற்றி எழுத முன்வந்திருக்கின்றேன். வாசகர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், படிப்பின் நிமித்தம் டோக்கியோ நகரில் தங்கியிருந்த காலத்தில் எனக்கு வாய்த்த சிநேகிதிகள் யாவரும் அச்சட்டையின் மூலமாகவே வாய்த்தவர்கள். அவர்களோடு 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி, ஹலோவீன் பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று, கழித்த ஒரு பகற்பொழுதின் கதையே இது.

முதலிற் சட்டையைச் சொல்லிவிடுகின்றேன். இவ்வுடைப் பாணிக்கு ‘லோலித்தா’ என்று பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில், 1955ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆங்கில நாவலை நினைத்து முகஞ்சுளிப்போர் உண்டு. அந்த நாவலுக்கும் தமது உடைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று இதனை அணிவோர் சலிக்காமற் சொல்லி வருகின்றனர். உண்மையும் அதுவே. கழுத்துவரை பொத்தான் பூட்டிய மேற்சட்டை. முழங்காலை மூடும் பாவாடை. அதன் கீழே நீண்ட காலுறை. வட்ட முனை கொண்ட சப்பாத்து. தலையிலே நாடா கட்டிய தொப்பி. பழைய ஐரோப்பியப் படப் புத்தகங்களில் வரும் சிறுமியரின் உடையை வளர்ந்த பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தாற் போலிருக்கும். பிறர் கண்ணைக் கவரும் நோக்கம் அதில் மருந்துக்கும் கிடையாது.

கவிழ்த்து வைத்த மணியைப் போலப் பாவாடை விரிந்து நிற்கின்றதே, அது தானாக வருவதன்று. வலைத்துணியை அடுக்கடுக்காகச் சுருக்கித் தைத்த உட்பாவாடை ஒன்று உள்ளே உண்டு. யப்பானியர் அதனைப் ‘பனியே’ என்பர். அதனை அணிந்துகொண்டு புகையிரதத்தில் ஏறுவது ஒரு கலை. நாற்காலியில் அமர்வது இன்னொரு கலை. பின்புறத்தைச் சற்றே உயர்த்தி அமராவிடின், முன்புறம் குடைபோற் கிளம்பிவிடும். நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று ஞாயிறுகள் சென்றன.

ஓரத்தில் வைத்துத் தைக்கும் ரேந்தையைக் கொண்டுதான் நல்ல சட்டையையும் மட்டமான சட்டையையும் அவர்கள் பிரித்தறிகின்றனர். பளபளக்கும் நைலோன் ரேந்தை அவர்களுக்கு ஆகாது. ‘டோர்ஷன்’ என்னும் பருத்தி ரேந்தையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மலரும். இன்று அது பெரும்பாலும் இயந்திரத்தில் வருவதாயினும், அதன் மூலம் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கையாற் பின்னும் ரேந்தையே. நமது தென்கரையிலே, காலி, வெலிகம பகுதிப் பெண்கள் பின்னும் பீரளு ரேந்தையும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். ரேந்தை என்ற சொல்லையே நமக்குப் போர்த்துக்கேயர் அல்லவோ விட்டுச் சென்றனர்! இதனைச் சொன்னபோது என் சிநேகிதிகள் என்னைப் பார்த்த பார்வையிற் பொறாமைகூடக் கலந்திருந்தது.

பேர்பெற்ற கடையொன்றிற் புதிய சட்டை வாங்குவதாயின் 30,000 முதல் 50,000 யென் வரை செல்லும். படிக்கும் பிள்ளைக்கு அது பெருந்தொகை. எனது கபில நிறச் சட்டை பிறர் உடுத்து விற்றது. அதில் எனக்கு வெட்கமில்லை.

நாங்கள் ஐவர், ஹராஜுக்கு நிலையத்தருகே, மெய்ஜி ஆலயத்துக்குச் செல்லும் ஜிங்கு பாலத்தின்மேற் சந்திப்பதாக ஏற்பாடு. பல்கலைக்கழக மாணவியர் இருவர் இளஞ்சிவப்புச் சட்டையில் முன்னரே வந்து நின்றனர். பாவாடை விளிம்பைச் சுற்றிப் பூனையும் பூசணிக்காயும் ஊர்வலம் போவதாக அச்சிட்ட சட்டைகள் அவை. இலையுதிர் காலத்தில் இத்தகைய ஹலோவீன் சித்திரத் துணிகளைக் கடைக்காரர் வெளியிடுவது வழக்கம்.

அடுத்து வந்தவள் சைத்தாமா மாகாணத்திலிருந்து வரும் இருபத்தேழு வயதுப் பெண். வங்கியொன்றில் வேலை. கருநீலச் சட்டையும், கையிலே ஒரு பெரிய துணிப்பையும். வந்ததும் வழமைபோல நிலையத்துக்குள் ஓடி, காசு போட்டுப் பூட்டும் பெட்டியொன்றிற் பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுடைய முதுகிற் கட்டியிருந்த நாடா முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. மாணவியரில் ஒருத்தி, “அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிடட்டுமா?” என்று கை நீட்டினாள். வங்கிப் பெண் சட்டென விலகிக்கொண்டாள். “வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.”

கடைசியாக வந்தவர் எங்கள் யாவருக்கும் மூத்தவர். நாற்பத்தாறு வயது, அரசாங்கக் காரியாலயமொன்றில் உத்தியோகம். மனத்துக்குள் நான் அவரை அக்கா என்றே அழைப்பதுண்டு. தலை முதற் கால் வரை கறுப்பு. கழுத்திலே வெள்ளிச் சிலுவை. கையிலே கறுப்பு ரேந்தைக் குடை. மாலிஸ் மிசேர் என்ற இசைக்குழுவின் கிற்றார்க் கலைஞரான மானா என்பவர் 1999ஆம் ஆண்டிலே தமது சொந்த உடையகத்தைத் தொடங்கிப் பிரசித்தப்படுத்திய பாணி அது. அன்று யப்பானியப் பாராளுமன்றத்தின் கீழ்ச் சபைக்குத் தேர்தல். அவர் வாக்களித்துவிட்டு நேரே வந்திருந்தார்.

“வாக்குச் சாவடியில் ஓர் உத்தியோகத்தர், ‘ஹலோவீனா? மிகவும் அழகாயிருக்கிறதே!’ என்றார். நல்ல மனிதர்தான். ‘இல்லை ஐயா, இது என்னுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டை’ என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து வேட்பாளர் பெயரை எழுதிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்” என்றார் அக்கா.

ஹலோவீன் என்பது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் கொண்டாடப்பட்டு, அமெரிக்கா சென்று, அங்கு டர்னிப் கிழங்குக்குப் பதிலாகப் பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றும் விழாவாயிற்று. யப்பானில் அதற்கு வேர் எதுவுமில்லை. ஹராஜுக்குவின் ஒமோத்தேசாந்தோ வீதியிலே கிடிலாந்து என்னும் விளையாட்டுப்பொருட் கடை 1983ஆம் ஆண்டில் ஊர்வலமொன்றை நடத்தியது. டோக்கியோ டிஸ்னிலாந்து 1997இல் அதனைத் தொடங்கியது. அதன் பின்னரே வளர்ந்தவர்களும் வேடமிட்டுத் தெருவுக்கு இறங்கலாயினர். அடுத்த நிலையமான ஷிபுயாவில் அது அளவு கடந்தது. 2018இல் வெறி மிஞ்சிய கூட்டம் ஒரு சிறு பார வண்டியைக் கவிழ்த்தது. 2022இல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஹலோவீன் நெரிசலில் 159 பேர் மாண்டபின், 2023இல் ஷிபுயா நகரபிதா, ஹலோவீனுக்காக இங்கே வராதீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். நாங்கள் சந்தித்த அந்த ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலிருந்து அங்கே தெருவில் இரவு நேரத்தில் மது அருந்துவது ஆண்டு முழுவதும் தடையாயிற்று.

நாங்கள் ஷிபுயாப் பக்கம் போகவில்லை. ஹராஜுக்குத் தெருக்களிலேயே சுற்றினோம். 1978இல் திறந்த லாஃபோரே மாளிகையின் கீழ்த்தளக் கடைகளில் ஒரு மணி நேரம் ஒன்றும் வாங்காமற் சட்டைகளைப் பார்த்தோம். அதுவும் ஓர் இன்பமே. வெளியே வந்தபின்னர்தான் தொல்லை. சாதாரண ஞாயிறுகளிற் சிலர் உற்றுப் பார்ப்பர். பலர் பாராதது போலப் போவர். அன்றோ எல்லோரும் புன்னகை பூத்து அணுகினர். உல்லாசப் பிரயாணி ஒருவர் வங்கிப் பெண்ணை “ஆலிஸா?” என்று கேட்டார். என்னைப் பார்த்து ஒரு சிறுவன், “சூனியக்காரி!” என்றான். அக்காவிடம் இரத்தக் காட்டேரிதானே என்று இருவர் கேட்டுவிட்டனர். பூசணிச் சித்திரம் அணிந்திருந்த மாணவியரை மாத்திரம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்ததும் விளங்கிவிட்டது போலும்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தேநீர்ச் சாலையொன்றில் எங்களுக்கு மேசை ஒதுக்கியிருந்தனர். மூன்றடுக்குத் தட்டிலே சிற்றுண்டிகள் வந்தன: செஸ்நட் கேக், சிறு ரொட்டிகள், பூசணிப் புடிங். யப்பானியர் உண்பது பச்சைத் தோலுள்ள பூசணி. அதனைக் ‘கபோச்சா’ என்பர். கம்போடியா என்ற பெயர் போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து அங்கே அவ்வாறு ஆயிற்றாம். செம்மஞ்சட் பூசணிக்காய் அலங்காரத்துக்கு மட்டும் மூலையில் இளித்துக்கொண்டிருந்தது.

அக்கா அதனைப் பார்த்துக்கொண்டே பழங்கதை சொல்லத் தொடங்கினார். அவர் தமது முதலாவது சட்டையை வாங்கியது 1998இல், ‘பேபி, த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்’ என்னும் கடையில். அது 1988இல் தொடங்கிய ஸ்தாபனம். அந்நாளில் ஞாயிறு தோறும் ஒமோத்தேசாந்தோ வீதியில் வாகனங்களை நிறுத்தி நடப்பவர்க்கே விட்டுவிடும் ஏற்பாடு இருந்தது. அவர் சட்டை வாங்கிய வருடமே அது முடிவுற்றது. பிறகு ஜிங்கு பாலமே அவர்களுடைய கூடுமிடமாயிற்று. 2001இல் ‘கோதிக் அன்ட் லோலித்தா பைபிள்’ என்ற சஞ்சிகை வந்தது. சட்டை வெட்டும் மாதிரிப் படங்களும் அதில் வரும்; காசில்லாத பிள்ளைகள் தாமே தைத்துக்கொள்வார்கள். 2017இல் அதுவும் நின்றது. 2009இல் யப்பானிய வெளிவிவகார அமைச்சு, இவ்வுடைக்குப் பேர்போன அவோக்கி மிசாக்கோ என்னும் தாதியைத் தனது கலாசாரத் தூதுவர்களில் ஒருவராக நியமித்தது. அரசாங்கம் அங்கீகரித்தென்ன, அயல்வீட்டார் அங்கீகரிக்க வேண்டாமா?

“காரியாலயத்தில், ‘இதை எப்போது விடப்போகிறீர்கள்?’ என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்” என்றார் அக்கா. “இது வேடமன்று, என் உடை என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். இந்தப் பூசணிக்காய்ப் பண்டிகை ஒரே நாளில் அவ்வளவையும் அழித்துவிடுகிறது. எல்லோரும் வேடம் போடும் இந்த ஒரு நாளிலாவது நான் சாதாரண உடையில் வந்திருக்க வேண்டும்.”

மாணவியர் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். வங்கிப் பெண் அசைக்கவில்லை.

“எனக்கு இந்த ஒரு நாள்தான் இருக்கிறது” என்றாள் அவள்.

மேசையில் அமைதி. அவளுடைய வழக்கம் எங்களுக்குத் தெரியும். பெற்றோருடன் வசிப்பவள், மூன்று வருடமாக, வீட்டிலிருந்து சாம்பல் நிற உடையிற் புறப்பட்டு, வழியிலுள்ள நிலையமொன்றின் கழிவறையில் இச்சட்டைக்கு மாறி, மாலையில் மறுபடி சாம்பல் நிறத்துக்கு மாறித் திரும்புவாள். சிநேகிதிகளுடன் தேநீர் அருந்தப் போகிறேன் என்று தாயாரிடம் சொல்வது பொய்யன்று என்பது அவள் வாதம்.

“இன்று ஹலோவீன் என்று சொல்லிக்கொண்டு இதை உடுத்து அறையைவிட்டு வெளியே வந்தேன். அம்மா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘எங்கே வாடகைக்கு எடுத்தாய்? நல்ல தையல்’ என்றார். திருப்பி நிறுத்தி முதுகு நாடாவைத் தம் கையாற் கட்டிவிட்டார். மாடிப்படியிற் கண்ட அயலவரிடம், ‘என் மகளைப் பாருங்கள்’ என்று காட்டினார். மற்ற நாட்களில் இது நடக்குமா? வேடமென்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.”

அக்கா நெடுநேரம் பேசவில்லை. கோபமோ என்று நான் அஞ்சினேன். பிறகு தேநீர்க் கெண்டியை எடுத்து அவளுடைய கோப்பையை நிரப்பினார். “அம்மா கட்டிய முடிச்சா? எனக்குத் தெரியவில்லை” என்றார். சிறிது கழித்து, “ஆனாலும் வாடகைச் சட்டை என்று நினைத்துவிட்டாரே” என்றார். வங்கிப் பெண் முதலிற் சிரித்தாள்; பின்னர் கைக்குட்டையைத் தேடினாள்.

இருவரில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், அன்று காலையில் அக்கா பக்கம் என்று தயங்காமற் சொல்லியிருப்பேன். மாலையில் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒளித்து வைத்த சட்டையைத் தாய் தொட்டுப் பார்த்தது பெரிய காரியந்தான். அது யாருடைய சட்டையென்று தாய்க்குத் தெரியாமற் போனதும் சிறிய காரியமன்று.

ஆறு மணியளவில் நிலையத்துக்குத் திரும்பினோம். அரை மரச் சட்டத்தில் 1924இற் கட்டிய அழகிய பழைய நிலையக் கட்டடத்தை 2020இல் இடித்துவிட்டனர். இப்போதிருப்பது கண்ணாடிக் கட்டடம். வங்கிப் பெண் பெட்டியைத் திறந்து பையை எடுத்தாள். அதனுள்ளே மாற்றுடை இருந்ததைக் கண்டு மாணவியரில் ஒருத்தி, “இன்றைக்கு இது எதற்கு?” என்று கேட்டாள். “பழக்கம்” என்றாள் அவள். அன்று அவள் கழிவறைப் பக்கம் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாய்ந்த முடிச்சு சாய்ந்தபடியே இருக்க, சனக்கூட்டத்துள் இறங்கிப் போனாள்.

நவம்பர் மாதத்தில் மீண்டும் ஒரு ஞாயிறு அதே பாலத்தில் சந்தித்தோம். பூசணிக்காய்கள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. அவள் சாம்பல் நிற உடையில், பையோடு வந்தாள். ஆனால் வட்ட முனைக் கறுப்புச் சப்பாத்தும் ரேந்தை வைத்த காலுறையும் வீட்டிலிருந்தே அவள் காலில் வந்திருந்தன. உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பியவள், நாடாவின் இரு நுனிகளையும் கையிற் பிடித்தபடி அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.