பலகையை எப்போது அணைப்பது?

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. இருந்தாலும் உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கும் இந்நேரம் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்திருக்கும். 2019 வாக்கில் தமிழ்நாட்டின் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கத் தொடங்கினார்கள். 2024-ல் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்று அடுத்த சுற்று வந்தது. மண்டபம், கடலாடி, திருவாடானை என ராமநாதபுரத்துக் கரையோர ஒன்றியங்களும் இதில் அடக்கம். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கான சிறப்புப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். அதனால் இங்கே பள்ளிக்கூடத்துக்கு எது வந்தாலும் கொஞ்சம் கூடுதல் எதிர்பார்ப்போடுதான் வந்து இறங்கும். பெட்டி இறங்கிவிட்டது, சரி. அதை வைத்துப் பாடம் நடத்தப்போகிற ஆசிரியருக்கு யார், எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

முதலில் பயிற்சி எப்படி ஆசிரியரிடம் வந்து சேர்கிறது என்று பார்த்துவிடுவோம். 1986 தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்டத்துக்கு ஒரு ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவானது. எல்லோரும் 'டயட்' என்றுதான் சொல்வார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அது பரமக்குடி பக்கம் மஞ்சூரில் இருக்கிறது. சென்னையில் பாடத்திட்டக்காரர்கள் ஒரு கட்டகம் எழுதுவார்கள். சிலர் அதைப் படித்து மாநிலக் கருத்தாளர் ஆவார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்ல, இவர்கள் ஒன்றியத்துக்குப் போய் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களை உட்கார வைத்துச் சொல்வார்கள். மூன்று கை மாறுவதற்குள் கட்டகத்தில் இருந்த 'ஏன்' உதிர்ந்துபோய், 'எப்படி' மட்டும் மிஞ்சும். எந்த ஐகானைத் தொட வேண்டும், க்யூஆர் குறியீட்டை எப்படி ஸ்கேன் செய்வது, பாடங்கள் இருக்கும் திக்ஷா தளத்தில் எப்படி உள்நுழைவது. மாலை நான்கரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் பஸ் பிடிக்க ஓடுவார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் அத்தனை பேரும் தப்பாக நினைக்கிற ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 'ஆசிரியருக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி' என்றால் கம்ப்யூட்டரை இயக்கக் கற்றுக்கொடுப்பது என்று நினைக்கிறோம். பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதிகாரிகளும் அப்படித்தான், பல ஆசிரியர்களும்கூட. பாம்பன் கரையில் ஒருவர் நாட்டுப்படகுக்குப் புதிதாக மோட்டார் வாங்கினால், அதைக் கிளப்பவும் நிறுத்தவும் ஒரு காலைப்பொழுதில் கற்றுவிடுவார். நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வாடைக்காற்றில் எங்கே வலை விடலாம், எந்த இடத்தில் மோட்டாரை அணைத்துவிட்டுச் சும்மா மிதக்க வேண்டும் என்பதை மோட்டார் விற்றவர் சொல்லித்தர முடியாது. அது தொழில். ஆசிரியர் பயிற்சியில் நாம் மோட்டார் கிளப்பும் பாகத்தோடு நின்றுவிடுகிறோம்.

அப்படியானால் அந்தத் தொழில் என்பது என்ன? ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு வடிவியல். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு வட்டம் போடுவார், குறுக்கே ஒரு விட்டம், வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. விட்டத்தின் இரு முனைகளையும் அந்தப் புள்ளியோடு இணைத்து, "இங்கே கோணம் 90 பாகை" என்பார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவர்கள் பார்த்தது ஒரு படம். ஆசிரியர் சொன்னதோ 'எப்போதும்'. படத்துக்கும் அந்த 'எப்போதும்' என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கரும்பலகையால் அதை நிரப்புவது கஷ்டம், ஏனென்றால் சாக்பீஸில் போட்ட புள்ளி நகராது.

இதற்கு ஜியோஜீப்ரா என்று ஒரு மென்பொருள் உண்டு. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001-ல் உருவாக்கத் தொடங்கியது. பள்ளிகளுக்கு இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நம் புதிய கணக்குப் பாடநூல்களிலேயே 'இணையச் செயல்பாடு' என்று இதற்கான பக்கங்கள் இருக்கின்றன. இதில் வரைந்த வட்டத்தில் புள்ளியை விரலால் இழுக்கலாம். கோணத்தின் அளவு பக்கத்திலேயே எண்ணாகத் தெரியும்.

இப்போது இரண்டு ஆசிரியர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் ஒரே பயிற்சிக்குப் போனவர்கள், இருவருக்கும் மென்பொருள் நன்றாக ஓட்டத் தெரியும். முதலாமவர் வகுப்பிலுள்ள திரைப்பலகையை ஆன் செய்து, புள்ளியை வட்டத்தின் மேல் இப்படியும் அப்படியும் இழுத்து, "பாருங்க, 90, 90, எங்க போனாலும் 90" என்கிறார். பிள்ளைகள் "ஆமா சார்" என்கிறார்கள். பாடம் ஏழு நிமிடத்தில் முடிகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். பள்ளத்தை மட்டும் யாரும் தாண்டவில்லை. முன்பு புத்தகம் சொன்னதை நம்பினார்கள், இப்போது திரை சொன்னதை நம்புகிறார்கள்.

இரண்டாமவர் புள்ளியைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்துகிறார். "இந்தப் புள்ளியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனா கோணம் பெருசாகுமா, சின்னதாகுமா? நோட்ல எழுதுங்க." சிலர் சின்னதாகும் என்று எழுதுகிறார்கள். படம் சப்பையாகிறதே, கோணமும் ஒடுங்கத்தானே செய்யும்? நியாயமான ஊகம், தப்பான ஊகம். பிறகுதான் அவர் இழுக்கிறார். எண் அசையவில்லை. வகுப்பில் ஒரு சலசலப்பு. அடுத்து, புள்ளியை வட்டத்திலிருந்து உள்ளே இழுக்கிறார், கோணம் 90-ஐத் தாண்டுகிறது. வெளியே இழுக்கிறார், 90-க்குக் கீழே இறங்குகிறது. வட்டக்கோட்டின் மேல் இருக்கும்போது மட்டும் சரியாக 90. "ஏன்டா?" என்று கேட்டுவிட்டு, பலகையை அணைத்துவிடுகிறார்.

அணைத்தது ஏன் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. 'ஏன்' என்பதற்குத் திரை பதில் சொல்லாது. அது அளந்து காட்டும், அவ்வளவுதான். அவர் சாக்பீஸை எடுத்து வட்ட மையத்தையும் அந்தப் புள்ளியையும் இணைக்கிறார். ஒரு பெரிய முக்கோணம் இரண்டாகப் பிரிகிறது. மையத்திலிருந்து போகும் மூன்று கோடுகளும் ஆரம், ஆகவே சமம். எனவே இரண்டு சின்ன முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கோணங்கள் சமம். பெரிய முக்கோணத்தின் 180 பாகையில் ஒவ்வொரு கோணமும் இரண்டு முறை வருகிறது, மேலே இருப்பது அவற்றின் கூட்டுத்தொகை, அதாவது 180-ல் பாதி. அந்தக் காரணத்தைக் கேட்க வேண்டும் என்ற பசியைத் திரை கிளப்பியது, சாப்பாடு போட்டது கரும்பலகை. பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது இந்த வரிசையை: எதற்கு முன் கேட்பது, எப்போது காட்டுவது, எப்போது அணைப்பது.

கல்வியாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1986-ல் லீ ஷுல்மன் என்பவர், பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தைக் குழந்தைக்குச் சொல்லத் தெரிவது வேறு, இரண்டாவதும் ஒரு தனி அறிவு என்றார். இந்தியாவில் பிறந்த புண்ய மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் அதோடு கருவியை ஒட்டிய அறிவையும் சேர்த்தார்கள். 'டீபேக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாடம், கற்பிக்கும் விதம், கருவி மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, கருவியை மட்டும் தனியாகப் பிய்த்துப் பயிற்சி கொடுத்தால் ஒட்டாது என்பது அதன் சாரம். பி.எட். படித்தவர்கள் தேர்வுக்காக இதைப் படித்திருப்பார்கள். பணியிடைப் பயிற்சி அரங்குக்குள் மட்டும் ஏனோ இது நுழைவதில்லை.

கருவி வேண்டாம் என்று முடிவெடுப்பதும் இதே அறிவுதான். தங்கச்சிமடத்துப் பிள்ளைக்குக் கடல் அலையை வீடியோவில் காட்டுவது என்ன நியாயம்? அதே பிள்ளை தனுஷ்கோடி முனையில் நின்றாலும் தலைமன்னார் வரைக்கும் போகிற மணல்திட்டு வரிசையை முழுசாகப் பார்க்க முடியாது. இஸ்ரோ 2009-ல் தொடங்கிய புவன் தளத்தின் செயற்கைக்கோள் படத்தில் அது ஒரே பார்வையில் விழும். கண்ணுக்கு எட்டாததற்குத் திரை, கண்ணெதிரே இருப்பதற்கு ஒரு நடை.

நேரக் கணக்கையும் பார்த்தாக வேண்டும். குஜராத்தில் ஞான் சாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் பொருளியல் ஆய்வாளர் லீ லிண்டன் ஓர் ஆய்வு செய்தார், 2008-ல் வெளியானது. கணக்குக்கு ஒரே மென்பொருள். சில இடங்களில் அது வழக்கமான வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டது, மற்ற இடங்களில் வகுப்புக்கு வெளியே கூடுதலாக நடந்தது. கூடுதலாக நடந்த இடத்தில் பிள்ளைகள் முன்னேறினார்கள். வகுப்பை எடுத்துக்கொண்ட இடத்தில், மென்பொருளே இல்லாத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றார்கள். அங்கே ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த வகுப்பை மென்பொருள் தள்ளிவிட்டது. எதைத் தள்ளிவிட்டு எதை உள்ளே விடுகிறோம் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ராமேசுவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு அப்துல் கலாமின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரை விட்டுவிட முடியாது. கலாம் எத்தனையோ மேடைகளில் சொன்ன கதை. பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார், பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார். எல்லோரும் கடற்கரையைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கென்னவோ அதற்கு முந்தைய நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது. படம் போட்டு முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டார். புரியவில்லை என்று கலாம் சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தன் கருவி வேலை செய்யவில்லை என்று ஓர் ஆசிரியர் கண்டுகொண்டு, கோபப்படாமல் வேறு கருவிக்கு மாறினார். அந்தக் காலத்தில் அது கரும்பலகையும் கடற்கரையும். இன்றைக்கு நடுவில் ஒரு திரையும் சேர்ந்திருக்கிறது.

இனி ஆசிரியர் பக்கம் நின்று பார்ப்போம், அது இல்லாவிட்டால் நாம் பேசுவது அநியாயம். பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் எமிஸ், அதாவது பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசுத் தளம். வருகைப்பதிவு, நலத்திட்ட விவரம், மதிப்பீட்டு மதிப்பெண் எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். பாடம் நடத்தும் நேரம் இதில் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை சொல்லிவிட்டன. கருவி முதலில் குமாஸ்தா வேலையாக வந்து அறிமுகமானால், பிறகு அது பாடத்துக்கு உதவும் என்று சொல்பவரை யார் நம்புவார்கள்?

தமிழ் எழுத்துருத் தொல்லை வேறு. வீட்டில் வானவில்லிலோ பாமினியிலோ இரவு உட்கார்ந்து அடித்த வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாத பட்சத்தில், அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக ஏதோ திட்டியதுபோல் வந்து நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, 1999-லேயே தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. ஆனாலும் பழைய பழக்கம் பழைய கோப்புகளில் தொடர்கிறது. இது அரை நாளில் தீர்த்துவைக்கக்கூடிய பிரச்சினை. தீர்த்துவைத்தால் ஆசிரியருக்குக் கருவி மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்தது பூட்டு. கரையோரப் பள்ளிகளில் உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும் என்பது உண்மைதான், தூசியும் மின்வெட்டும் உண்டு. அதனால் லேப் அறைக்கு வெளியே 'காலணிகளைக் கழற்றவும்' என்று எழுதி, சாவியைக் கம்ப்யூட்டர் சாரிடமோ தலைமை ஆசிரியரிடமோ கொடுத்துவிடுவார்கள். மெஷின் கெட்டுவிட்டால் பொறுப்பு யார் தலையில் விழும் என்ற பயம் அது. 1984-ல் 'க்ளாஸ்' என்ற மத்தியத் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த நாளிலிருந்தே, கணினி என்றால் கணினியைப் பற்றிய பாடம், அதற்கு ஒரு தனி அறை என்ற எண்ணம் ஊறிவிட்டது. கணக்கு டீச்சரும் வரலாறு சாரும் விருந்தாளிகளாகத்தான் உள்ளே போகிறார்கள்.

பக்கத்தில் கேரளத்தில் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் தொடங்கியபோது ஒரு காரியத்தைக் கவனமாகச் செய்தார்கள். பயிற்சி கொடுப்பவர்களாகப் பள்ளி ஆசிரியர்களையே தேர்ந்தெடுத்தார்கள். நாளைக்கு அதே பாடத்தைத் தானும் நடத்த வேண்டியவர், புள்ளியை எப்போது இழுப்பது என்று கேட்டால் ஏதாவது சொல்ல முடியும். கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் ஒரு பள்ளியில் செய்ததை இன்னொரு பள்ளிக்குக் கொடுப்பதும் எளிதானது.

இங்கே உடனே செய்யக்கூடியது எது என்று கேட்டால், பயிற்சியின் முதல் நாளைக் கணினியைத் திறக்காமலே நடத்தலாம் என்பேன். ஒவ்வொருவரும் அடுத்த வாரம் நடத்தப்போகிற ஒரு பாடத்தைக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்று மட்டும் பேசட்டும். அந்த இடத்தில் ஒரு நகரும் படமோ செயற்கைக்கோள் படமோ உதவுமா, அல்லது சாக்பீஸ் போதுமா என்று பார்த்தபிறகு கணினியைத் திறக்கலாம். ஒரு மாதம் கழித்து அதே ஆசிரியர்கள் மறுபடியும் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் கூடி, எது சொதப்பியது என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் இனி ஒரு சுற்றறிக்கை வர வேண்டும்.