பார்த்தீனிய அரிப்புக்கு ட்யூப் வாங்கும் முன்

மழை ஓய்ந்த சில வாரங்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் பக்கமெல்லாம் காலி மனைகளிலும் மதில் ஓரங்களிலும் பார்த்தீனியம் இடுப்பளவு எழுந்து நிற்கும். கையுறைகூட இல்லாமல் அதைப் பிடுங்குகிறவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களும். அவர்களில் சிலருக்குப் பிறகு கண் இமை வீங்குகிறது; கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்து அரிக்கின்றன. தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பார்த்தீனியத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. இந்தியாவில் 1950-களில் புனேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உள்ள நுண்மயிர்களில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து பொடியானால் காற்றோடு வந்து தோலில் படியும். அதனால் செடியைத் தொடாதவருக்கும் முகத்தில் அரிப்பு வரலாம். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்கும் திடீரென்று ஒவ்வாமை தொடங்கும். தொடங்கிவிட்டால், அடுத்த முறை பட்ட ஓரிரு நாளில் தோல் சிவந்துவிடும். வெயில் பட்டால் சிலருக்கு இன்னும் மோசமாகும்.

எல்லாச் செடி அரிப்பும் இப்படி அல்ல. வேலிகளில் படரும் செந்தட்டி பட்ட உடனேயே சுரீரென்று எரியும்; பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். பூனைக்காலிக் காயின் சுணையும் உடனே அரிக்கும். இவற்றைத் தேய்க்கவே கூடாது, சுணை இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்புளமே வரும். தாமதிக்காமல் சோப்பால் கழுவுவதே முதல் வைத்தியம்.

பார்த்தீனியத்துக்கும் முதலில் தண்ணீரும் சோப்பும்தான். களை எடுத்து வந்ததும் குளித்து, அன்றைய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். லேசான அரிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணியும் காலமைன் லோஷனும் போதும். செட்ரிசின், குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். பிரஸ் மெஷினிலோ லேத்திலோ நிற்பவர்கள் ஷிஃப்டுக்கு முன் அவற்றைப் போட்டுக்கொண்டால் விரல் போகும் ஆபத்து உண்டு.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ட்யூப்தான். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த களிம்புகள் இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். அந்த நிம்மதிதான் ஏமாற்றுகிறது. அது ஒவ்வாமையாக இல்லாமல் படர்தாமரையாக இருந்தால், உள்ளுக்குள் பரவி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். இமையில் பூசிக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம்கூட ஏறலாம். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. மருத்துவர் அளவோடு தரும் ஸ்டீராய்டு நல்ல மருந்து. நாமாகப் பூசுவதில்தான் கேடு.

விரலிடுக்கில் அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறது என்றால் அது சிரங்காக இருக்கலாம். விடுமுறையில் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்பினால் ஆலையில் கையாளும் எண்ணெய், சிமென்ட், ரசாயனம் எதுவென்று பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்வார்: முதுகில் ஒட்டிய சிறு வில்லைகளை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்தீனியமும் அந்தப் பரிசோதனை வரிசையில் உண்டு. ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் அந்த மருந்தகம் வழியாகவே சிறப்பு மருத்துவரிடம் போகலாம். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூத்த பிறகு பிடுங்கினால் விதையும் சேர்ந்து பரவும். ஆகவே ஆலை நிர்வாகங்களும் ஊராட்சிகளும் மண் ஈரமாக இருக்கும்போதே, பூக்கும் முன்பே களையெடுக்க ஆள் அனுப்ப வேண்டும். அனுப்பும் ஒவ்வொருவருக்கும் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம், திரும்பியதும் குளிக்கத் தண்ணீர், சோப்பு கொடுங்கள்.