பற்றுத் தளரப் பரிசுத்தம் வளரும்

பரிசுத்தம் குருக்களுக்கும் துறவியருக்கும் உரியது, குடும்பமும் காணியும் உள்ளவர்களுக்கு ஞாயிறு பூசை போதும் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற அனைவரும், எந்த நிலையினராயினும், பரிசுத்தத்துக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டின் ஐந்தாம் அதிகாரத்தில் போதித்தது. ஆகவே உடைமைப் பற்றை விடும்படியான அழைப்பும் நம் எல்லோருக்கும் உரியதே. அதை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

முதலில், இழப்பு வேறு, துறவு வேறு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் எதையும் துறக்கவில்லை, இழந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பற்றற்றிருங்கள் என்று பிரசங்கிப்பது நற்செய்தி ஆகாது. வறுமை ஒழிக்கப்படவேண்டிய தீமை. நற்செய்தி கூறும் எளிமையோ, மனிதர் சுதந்திரமாகத் தெரிந்துகொள்ளும் வழி.

அந்த வழியில் எல்லோருக்கும் ஒரே அளவு விதிக்கப்படவில்லை. மாற்கு 10ஆம் அதிகாரத்துச் செல்வன் அனைத்தையும் விற்று ஏழைகளுக்குக் கொடுக்க அழைக்கப்பட்டான். அவன் துயரத்தோடு திரும்பிப் போனான். லூக்கா 19இல் சக்கேயு தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார். திருத்தூதர் பணிகள் நூலில் பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதரிடம் ஒப்படைத்தார். லீதியா வீட்டை விற்கவில்லை. பவுலுக்கும் அவருடன் வந்தோருக்கும் அதைத் திறந்துவிட்டார்.

நமது நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவுக்குரிய உடையையும் மதிப்பையும் பாதுகாப்பையும் அவர் விட்டு வந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவிப் பலர் நகரை விட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான குருவும் அங்கேயே தங்கி நோயாளரைக் கவனித்தனர். கைவிடப்பட்ட இறந்தோரை அடக்கம் செய்தனர். 2015 ஜனவரி 14இல் அவர் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். காப்பாற்றிக்கொள்ள ஏதும் இல்லாததால் அவருக்கு ஓடவேண்டிய தேவை இருக்கவில்லை. பற்றை விடுவதன் நோக்கம் இதுவே: அன்பு செய்ய நமக்குச் சுதந்திரம் வேண்டும்.

இதை நமது கிராமங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். விதைநெல்லும் பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பும் பற்று அல்ல, பொறுப்பு. ஆனால் ஊர் மெச்சக் கடன்பட்டுக் கொண்டாடும் சாமத்தியச் சடங்கு, பெண் வீட்டாரை வதைத்து வாங்கும் சீதனம், அயலவனின் பயிர் வாடும்போதும் கொட்டிலில் பூட்டி வைக்கும் இறைப்பு இயந்திரம், வேலியைச் சற்று நகர்த்திப் பிடித்த ஒரு முழக் காணி, இவையெல்லாம் நம்மைக் கட்டி வைத்திருப்பவை. இவற்றை விடாமல் செபமாலையை மட்டும் கூட்டிச் சொல்வதால் பரிசுத்தம் வளராது.

வரும் தவக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் கூடியிருந்து இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: நம்மிடம் உள்ளவற்றில் எது பிறருக்கு உரியது? எதை இழப்போமோ என்ற பயம் அயலவரிடமிருந்து நம்மைப் பிரிக்கிறது? விடை கிடைத்ததும் ஒன்றை மட்டும் விட்டுப் பார்ப்போம். அடுத்ததை விடும் பலத்தை இறைவன் தருவார்.