மார்கரிட்டாவில் எலுமிச்சை எங்கே?

வைகாசி முகூர்த்தம், மாலை வரவேற்பு. பொழுது சாய்ந்தும் திண்டுக்கல் பக்கத்து அகரத்து மண்ணிலிருந்து சூடு கிளம்பிக்கொண்டிருந்தது. கரூர் சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு. அதையடுத்து இன்னொரு மேஜை. கறுப்பு ஏப்ரன் கட்டிய இரண்டு பையன்கள் கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்த பலகையில் மார்கரிட்டா, மொஹிட்டோ, புளூ லகூன் என்று எழுதியிருந்தது. எல்லாமே சாராயம் சேராதவை. சின்னப் பிள்ளைகள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள்.

எனக்கு மார்கரிட்டா கொடுத்தார்கள். டம்ளர் விளிம்பில் உப்பு, மேலே செருகிய எலுமிச்சை வில்லை, உள்ளே வெளிர் பச்சையில் பனிக்கூழ். ஒரு வாய் குடித்தேன். புளிப்பு இருந்தது, எலுமிச்சை இல்லை. நாக்கின் இரண்டு ஓரத்தையும் சுருக்கென்று பிடித்து, தொண்டையில் இறங்குவதற்குள் காணாமல் போகிற புளிப்பு அது.

“தம்பி, இதுக்கு எத்தனை பழம் பிழிஞ்சீங்க?”

“பழம் டெக்கரேஷனுக்குத்தாண்ணே. உள்ள எல்லாம் சிரப்பு.”

டெக்கிலா என்ற மெக்சிகோ மதுவில் கோடை விருந்துக்கு ஏற்ற பழக்கலவை பற்றி எழுதவேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அளவுகளை எழுதிவிட்டால் முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு எலுமிச்சையை விட்டு மனசு நகர மறுக்கிறது.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க மதுக்கலவைக்காரர்கள் ஒப்புக்கொண்ட மார்கரிட்டா இது: டெக்கிலா 50 மி.லி., ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது 20 மி.லி., அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 15 மி.லி. ஐஸ் போட்டுக் குலுக்கி, விளிம்பில் உப்புத் தடவிய கோப்பையில் வடிகட்டி ஊற்றவேண்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மதுவைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கலவையின் மூன்று பொருளில் மது இரண்டையும் எடுத்துவிட்டாலும் குடிக்கத்தக்க ஒரு பானம் மிஞ்சும். எலுமிச்சையை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. மண்டபத்தில் எடுத்திருந்தது அதைத்தான்.

அந்தப் பழம் நம்முடையது. ஆங்கிலத்தில் லெமன் வேறு, லைம் வேறு. மஞ்சளாக, தடித்த தோலோடு, இரு முனையும் கூம்பிய பெரிய பழம் லெமன். மெல்லிய தோலும் உருண்டை வடிவும் கொண்ட நம் எலுமிச்சை லைம். மெக்சிகோக்காரர்கள் தங்கள் நாட்டுப் பழம் என்று கொண்டாடும் சிறிய லைமும், வடநாட்டில் காகஸி என்கிற பழமும், சிறுமலையிலிருந்து திண்டுக்கல் சந்தைக்கு மூட்டையில் இறங்கும் பழமும் தாவரவியல்படி ஒரே இனம். ஆசியாவில் பிறந்ததை அரேபியர் மேற்கே கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஸ்பானியர் கப்பலேற்றி அமெரிக்கக் கரையில் இறக்கினார்கள். அதே கடல்வழியில் எதிர்த்திசையில் வந்து சேர்ந்தது மெக்சிகோவின் கற்றாழை. நம் வறட்டுக் காட்டு வேலியிலும் தண்டவாள ஓரத்திலும் ஈட்டி ஈட்டியாக நிற்கிறதே, ரயில் கற்றாழை, அதன் பூர்வீகம் மெக்சிகோதான். ஆயுளில் ஒரே தடவை விளக்குக் கம்பம்போல் தண்டு விட்டுப் பூத்து, அத்தோடு பட்டுப்போகும். நார் எடுக்கவும் ஆடு மாடு புகாமல் தடுக்கவும் நாம் அதை வைத்துக்கொண்டோம்.

டெக்கிலாவுக்கு வேண்டியது அதன் பங்காளியான நீலக் கற்றாழை. ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கிலா என்ற ஊரைச் சுற்றி விளைவது. ஆறேழு வருஷமாவது வளர்த்து, மடலெல்லாம் சீவி எறிந்துவிட்டு, அன்னாசிபோல் இருக்கும் நடுக்கிழங்கை வேகவைப்பார்கள். வெந்தால்தான் அதிலுள்ள இன்யூலின் என்ற பொருள் சர்க்கரையாக மாறும். பிறகே புளிக்கவைத்து வடிப்பது. வேலிக் கற்றாழையில் இதை முயன்று பார்க்கலாமா என்று ஒரு வாசகத் தம்பி முன்பொருமுறை கேட்டார். அதன் பச்சைச் சாறு தோலில் பட்டாலே அரித்துத் தடிக்கும். வீட்டில் சாராயம் வடிப்பது குற்றமும் ஆகும். வேண்டாம்.

நம் பக்கத்துக் கோடைக்குக் கற்றாழை அவசியமும் இல்லை. சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோட்டைச் சுற்றிப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் இருக்கின்றன. நத்தத்திலிருந்து கல்லாமை மாம்பழம் சித்திரை, வைகாசியில் வந்து குவிகிறது. மலைக்காட்டு நன்னாரி வேரை நாட்டுமருந்துக் கடையில் கட்டுக் கட்டாக வாங்கலாம். இவற்றையும் எலுமிச்சையையும் வைத்து நான் செய்து பார்த்ததில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பன்னீர் திராட்சை பத்துப் பன்னிரண்டை ஓர் உப்புக்கல்லோடு கையால் நசுக்கவேண்டும்; மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். அதில் ஓர் எலுமிச்சையின் சாறு, இரண்டு மேஜைக்கரண்டி நன்னாரிப் பாகு, அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர். வடிகட்டி, ஐஸ்மேல் ஊற்றினால் நிறம் தானாக வந்துவிடும். அடுத்தது மாம்பழம். நன்றாகப் பழுத்த கல்லாமைக் கூழில் ஒரு டம்ளருக்கு ஒன்றரை எலுமிச்சையின் சாறாவது சேர்க்கவேண்டும். பயந்து குறைத்தால் திகட்டும். விளிம்புக்கு வெறும் உப்பு போதாது. பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்றுக்குத் தொட்டுத் தருகிற மிளகாய்ப்பொடி உப்பைத் தடவுங்கள். மூன்றாவது பம்பளிமாஸ், கிடைத்தால். மெக்சிகோக்காரர்கள் கோடையில் மார்கரிட்டாவைவிட அதிகம் விரும்பும் பலோமா என்ற டெக்கிலாக் கலவையில் கிரேப்ஃப்ரூட் சேரும். அந்தக் கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து கரீபியன் தீவில் உண்டான பிள்ளை. சுளையை உதிர்த்து லேசாகக் கசக்கி, எலுமிச்சை பிழிந்து, கோலி சோடாவை உடைத்து ஊற்றவேண்டியதுதான்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எலுமிச்சையை நறுக்குவதற்கு முன் உள்ளங்கையால் பலகையில் அழுத்தி உருட்டுங்கள். தோலிலுள்ள எண்ணெய்ப் பைகள் உடைந்து மணம் கையில் ஏறும். பிழியும்போது அந்த எண்ணெயில் சில துளி சாறோடு சேரும். நாம் எலுமிச்சை வாசம் என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தோலெண்ணெய். சாற்றிலுள்ள அமிலம் வெறும் புளிப்புத்தான். விதை நசுங்கும்வரை பிழிந்தால் கசப்பு இறங்கும். பிழிந்து வெகுநேரம் வைத்தாலும் கசப்பு தட்டும். ஆகவே விருந்து தொடங்கும் நேரத்துக்குத்தான் பிழியவேண்டும்.

மண்டபங்களில் நடப்பது இது அல்ல. எலுமிச்சை உப்பு என்று மளிகைக்கடையில் விற்கிறார்களே, வெள்ளைத் தூள், சிட்ரிக் அமிலம், அதைத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரைப் பாகும் எஸ்ஸென்ஸும் சாயமும் விடுகிறார்கள். பெயரில் எலுமிச்சை இருப்பதோடு சரி. ஒருகாலத்தில் இத்தாலியில் லெமன் பழங்களைப் பிழிந்துதான் அந்த அமிலத்தை எடுத்தார்கள். 1917இல், சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கரும்பூஞ்சையை வளர்த்தால் அமிலம் ஏராளமாகக் கிடைக்கும் என்று அமெரிக்க வேதியியலாளர் ஒருவர் காட்டினார். அதன்பிறகு இந்தத் தொழிலுக்குப் பழமே தேவைப்படவில்லை. அளவோடு சேர்த்தால் அது விஷம் அல்ல, சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால், அதைக் கரைத்துக் கொடுத்துவிட்டு மேலே ஒரு பழ வில்லையைச் செருகுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. குடிக்கிறவர் பழம் குடிப்பதாக நம்புகிறார்.

முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஒருவரிடம் கேட்டேன். “அண்ணே, ஆயிரம் பேருக்குப் பிழிய ஆள் வேணும். கோடையில பழம் என்ன விலை விக்கிது? கேக்குற பார்ட்டி கலர்தான் கேக்குறாங்க, வாசம் யாரும் கேக்கல” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆயிரம் பேருக்கு, இரண்டு டம்ளருக்கு ஒரு பழம் என்றால் 500 பழம். நிமிஷத்துக்கு நாலு பழம் பிழிந்தால் ஒரே ஆள் இரண்டு மணி நேரத்தில் 480 பழம் பிழிந்துவிடலாம். இருவர் என்றால் ஒரு மணி நேரம். பழம் ஆறு ரூபாய் என்றே வைத்தாலும் 3,000 ரூபாய், தலைக்கு மூன்று ரூபாய். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் சிட்ரிக் அமிலம் இருக்கும். 500 பழத்தின் புளிப்பை அரைக்கிலோ தூள் கொடுத்துவிடும். அதன் செலவு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். மிச்சமாவது ஏறக்குறைய 2,850 ரூபாய். வாசல் வளைவுக்குப் பூக்கட்ட அதைப்போலப் பல மடங்கு செலவழிக்கிற கல்யாணம் அது.

நீல நிறத்தை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. நீலமாக எந்த எலுமிச்சையும் காய்ப்பதில்லை. நம் உணவுச் சட்டம் எட்டுச் செயற்கைச் சாயங்களைத்தான் அனுமதிக்கிறது. அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மண்டப வாசலில் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பையனின் கையில் எந்த அளவுகோலும் இல்லை. 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி சாயம் இருந்ததால் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டில் தடைசெய்தார்கள். அன்று பிள்ளைகள் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்கிய பெற்றோர்தான் இன்று அதே பிள்ளைகளை புளூ லகூன் வரிசையில் நிற்கவைக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். எலுமிச்சைக்கு எப்போதும் கோடையில் தட்டுப்பாடுதான். காரணம் மரத்தின் பருவம். பூத்துப் பழமாக ஐந்தாறு மாதமாகும். பங்குனி, சித்திரையில் பழம் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்திருக்கவேண்டும். இங்கே அது அடைமழைக் காலம். பூ கொட்டிப்போனால் கோடைக்குப் பழம் இல்லை. 2022 ஏப்ரலில் நாடு முழுக்க ஒரு பழம் பத்து ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். முந்தைய ஆண்டின் மழையில் ஆந்திரத் தோப்புகளில் பூப்பு கெட்டது அதற்கு முக்கியக் காரணம். மழைக்காலத்திலோ பழம் ஒரேயடியாகக் குவியும். பறிகூலிகூடத் தேறாமல் மரத்தடியிலேயே அழுகவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சை விவசாயிக்குக் கோடை ஒன்றுதான் நாலு காசு பார்க்கும் பருவம். முகூர்த்தங்கள் குவிவதும் அப்போதுதான். ஒரு மண்டபத்துக்கு 500 பழம் என்றால், மாவட்டம் முழுக்க ஒரு முகூர்த்த நாளில் எத்தனை ஆயிரம் பழம்! அந்தச் சந்தையைத்தான் அரைக்கிலோத் தூளுக்குக் கொடுத்துவிட்டோம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகம் வந்து எத்தனையோ காலமாகிறது. சாறு மிகுந்த பழம். நல்ல ரகத்தை வைத்திருந்தும், வாங்க ஆள் இல்லாவிட்டால் தோப்பை யார் காப்பாற்றுவார்கள்? கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் கமலா ஆரஞ்சு காய்த்துத் தொங்கிய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நோய் வந்து மரங்கள் பட்டன. திரும்ப அந்த அளவுக்கு நடவில்லை. திண்டுக்கல் பழக்கடையில் இன்று ஆரஞ்சு என்றால் நாக்பூர். இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுப் பழம். புழக்கடையில் நின்ற நார்த்தையும் கொழுமிச்சையும் வீடு இடித்துக் கட்டும்போது போய்விட்டன. எலுமிச்சையும் அந்த வழியில் போய்விடுமோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

விருந்தாளிக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தால் மதிப்பாக இருக்காது, கண்ணுக்கு அழகாக ஏதாவது வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் மேலே மூன்று வகையைச் சொன்னேன்.

போன சித்திரையில் என் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. மொட்டையடித்துக் காது குத்தி முடிந்ததும் முந்நூறு பேருக்குப் பன்னீர் திராட்சைப் பானம் கொடுப்பதாக ஏற்பாடு. முதல்நாளே சந்தையில் பழம் பொறுக்கி வாங்கினேன். தோல் மெலிந்து, பளபளப்பாக, கையில் கனக்கிற பழங்கள். விடிகாலை நாலரை மணிக்கு அக்கா வீட்டு முற்றத்தில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்தோம். பெரிய மதினி நறுக்க, நாங்கள் பிழிந்தோம். கையில் சிறு கீறல் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு நேரம் “ஸ்ஸ்” என்றார்கள். ஆறு மணிக்குள் வேலை முடிந்தது. தெரு முனையில் பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்தி, “என்னக்கா, ஊறுகாயா போடுறீங்க? வாசம் அங்க வரைக்கும் வருது” என்று கேட்டார்.

பிழிந்த தோல் இரண்டு அன்னக்கூடை இருந்தது. குப்பைக்குப் போட எடுத்தவனை மதினி அதட்டி நிறுத்தினார். விதையை உதறி, நாலு நாலாகக் கீறி, கல்லுப்பும் மஞ்சள்பொடியும் போட்டுப் பிசறி, பரண் மேலிருந்த பெரிய ஜாடியை இறக்கிக் கழுவித் துடைத்து அதில் அடக்கினார். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, “ஆடி பொறந்ததும் அவிழ்க்கலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் வந்து வாங்கிக்கங்க” என்றார்.